சாய்வை நிறுத்தினாய், ஓசையை யார் நிறுத்துவது?

திருவள்ளூர்,
திருவள்ளுவர் ஆண்டு 2005, தைத் திங்கள்,
செவ்வாய்க்கிழமை மாலை.

பள்ளிப்பட்டில் பெரியம்மா வீட்டு நெற்குதிருக்குப் பின்னால் பதுங்கிக் கிடக்கும் என் மனைவியின் உடன்பிறப்பே! கும்மிடிப்பூண்டித் தொழிற்பட்டறையின் இரும்புத் தோளே! சின்னதுரையே! நீ இதை உரக்கப் படிக்க, உன்னைச் சூழ்ந்து அமர்ந்து கேட்கப்போகும் பெரியம்மா செல்லியம்மாள் அவர்களே! ஏதோ கடிதம் வந்திருக்கிறதாமே என்று வாயிற்படியில் வந்து நிற்கும் அண்டை அயலாரே! உங்கள் அனைவர் முன்னிலையிலும் என் குறையை எடுத்து வைக்கிறேன். என் மகிழுந்து ஓசையிடுகிறது! அந்த ஓசையால் ஒரு திருமணம் தடைப்பட்டு நிற்கிறது! ஓசைக்குப் பொறுப்பானவன் ஊரைவிட்டு ஓடிவிட்டான்! அவன் இப்போது உங்கள் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கிறான்!

இங்கு நானும் உன் தமக்கை கோவிந்தம்மாவும் நலம். அங்கு பெரியம்மாவின் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறோம். இவ்வாண்டு வேர்க்கடலை நன்றாக விளைந்ததென்று கேள்விப்பட்டு மகிழ்ந்தோம். இவ்வளவில் நலம் கேட்டல் முடிந்தது. இனிப் போர்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும் என்று நீ முணுமுணுப்பாய். தெரியும். ஆனால் பெரியம்மாவுக்குத் தெரியாதே! "மாமா சும்மா திட்டினாரு, வந்துட்டேன்" என்றுதானே அவர்களிடம் சொல்லியிருப்பாய்? ஆகவே தொடக்கத்திலிருந்தே உரைக்கிறேன்.

என் மகிழுந்தின் கூரைமேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளைக் கட்டிய நாள்முதல் அதற்கு ஒரு நோய் கண்டது. நேர்ச்சாலையில் யானைபோல் நடக்கும். வளைவு வந்தால் குடித்தவன்போல் சாயும். கவரைப்பேட்டை வளைவில் நான் ஓட்டுநர் பரசுராமனின் மடியில் விழுந்ததும், அவன் "தலைவரே, ஸ்டேரிங்க உடுங்க, ஸ்டேரிங்க உடுங்க" என்று கத்தியதும், அதைச் சாலையோரத் தேநீர்க்கடையில் அமர்ந்திருந்த மாற்றுக் கட்சியினர் கண்டு கைகொட்டிச் சிரித்ததும் நீ மறந்திருக்க மாட்டாய். கொள்கையில் ஒருபோதும் சாயாத நான், ஒவ்வொரு வளைவிலும் ஒருமுறை இடப்புறமும் ஒருமுறை வலப்புறமும் சாய்ந்தேன்! அப்போதுதான் நீ வந்தாய். நெஞ்சை நிமிர்த்தி நின்றாய். சொன்னாய்:

"மாமா, ஸ்வே பாருன்னு ஒண்ணு கீது. சீமைக் காருல்லாம் அத்தோடதான் வரும். இந்தாண்ட சக்கரத்தையும் அந்தாண்ட சக்கரத்தையும் ஒரே கம்பியில புடிச்சிக்கினு நிக்கும். வண்டி ஒரு பக்கம் படுக்கப் பாத்தா, இன்னொரு பக்கம் 'டேய், எங்க போற'ன்னு இழுக்கும். புதுப்பேட்டையில ஒடைச்ச வண்டிது கெடைக்கும். நான் நம்ம வண்டிக்குத் தோதா வளைச்சி, முன்னால ஒண்ணு பின்னால ஒண்ணு மாட்டிர்றேன். அப்பால பாரு, கார் சம்மணம் போட்டுக் குந்தினாப்ல போவும்."

நான் அகமகிழ்ந்தேன். அதற்குச் சாய்வுத்தடைக் கம்பி என்று பெயரும் சூட்டினேன். நீ ஞாயிற்றுக்கிழமை வந்தாய்; என் வீட்டு வாசலிலேயே வண்டியைத் தூக்கி நிறுத்தினாய்; பின்னிருக்கையைக் கழற்றித் தெருவில் போட்டாய்; துளையிட்டாய்; திருகினாய்; நெய் ஊற்றிய சோற்றை உண்டாய்; மாலையில் பூட்டி முடித்தாய். உன்னையும் மூன்று தோழர்களையும் ஏற்றிக்கொண்டு ஊத்துக்கோட்டைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். சாயவில்லை! வளைவுக்கு வளைவு நிமிர்ந்து நின்றது! நான் வண்டியை நிறுத்தச் சொல்லி, நடுச்சாலையில் உன்னைக் கட்டித் தழுவி, என் தோளில் கிடந்த பொன்னாடையை உனக்குப் போர்த்தினேன். அந்தப் பொன்னாடையை இக்கடிதம் கண்டதும் திருப்பி அனுப்பவும்.

ஏனென்றால் மறுநாளே தொடங்கியது ஓசை. அதை எழுத்தில் எப்படி வடிப்பேன்! 'கடக்' என்று தொடங்கி, 'டொங்' என்று நடந்து, பள்ளத்தில் இறங்கும்போது 'கிலாங்' என்று முடியும் ஓசை அது. பித்தளைக் கடைக்குள் எருமை புகுந்தது போன்ற ஓசை. அதிலும் ஒரு வஞ்சகம் பார்! கூட்டத்துக்குப் போகும்போது தோழர்கள் பின்னிருக்கையில் நெருக்கியடித்து அமர்ந்திருப்பார்கள். வண்டி வாய் திறக்காது. கூட்டம் முடிந்து அவரவர் ஊரில் அவரவரை இறக்கிவிட்டு, நானும் பரசுராமனும் முன்னிருக்கையில் தனித்துத் திரும்பும்போது, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துப் பேசும். மூன்று மணிநேரம் மேடையில் முழங்கிவிட்டுக் களைத்துத் திரும்பும் ஒருவன், தனக்கு மேல் முழங்கும் வண்டியில் அமர்ந்து வருவது எத்தகைய கொடுமை என்பதைப் பட்டறையில் வேலை செய்யும் உனக்கு எப்படி உணர்த்துவேன்?

தொடர்வண்டி நிலையத்துக்கு எதிரே பட்டறை வைத்திருக்கும் மோசஸிடம் காட்டினேன். மோசஸை நீ அறிவாய். வாசல் அகலம் போதாமல் பக்கவாட்டில் திரும்பித் தன் பட்டறைக்குள் நுழையும் பெருமகன். அவர் வண்டிக்கு அடியில் தலையை மட்டும் நீட்டிப் பார்த்து, "புஷ்ஷு காஞ்சிருக்கும் சார், ரப்பரு இரும்பாண்ட உராயுது" என்று விளக்கெண்ணெய் ஊற்றினார். ஓசை நின்றதா? இல்லை. தெருநாய்கள்தாம் வண்டியின் பின்னால் நக்கிக்கொண்டே வந்தன. பிறகு "பிராக்கெட்டு லூசு" என்று மரைகளையெல்லாம் முறுக்கினார். ஓசை நின்றதா? இல்லை. "அப்போ நானே குந்திக் கேட்டாத்தான் தெரியும்" என்று பின்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். வண்டி ஒருமுறை பெருமூச்சு விட்டது. பரசுராமன் ஓட்டினான். ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி!

"எங்க சார் சத்தம்? தொட்டில்ல தூங்குற கொயந்தையாட்டம் போவுதே!"

இறக்கிவிட்டோம். பத்தடி நகர்ந்தோம். கடக், டொங், கிலாங்! மீண்டும் ஏற்றினோம். அமைதி! மீண்டும் இறக்கினோம். கிலாங்! நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தோர் எல்லாம் தண்டவாளத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கத் தொடங்கினர். பரசுராமன் என் காதருகே குனிந்து, "தலைவரே, பேஜாரே வாணாம். மோசஸ் அண்ணனையே பின்னால வச்சிக்கினு சுத்தலாம். மூணு வேளையும் நாஷ்டா மட்டும் வாங்கிக் குடுத்தா போதும்" என்றான். அதற்கும் மோசஸ் உடன்பட அணியமாகவே இருந்தார்!

இறுதியில் அவர் ஒரு தீர்ப்பு உரைத்தார். "சார், லோடு இருந்தா கம்பி எறங்கி நிக்குது, இடிக்கல. காலியா இருந்தா மேல வந்து ஆக்சில்லயோ எதுலயோ இடிக்குது. கம்பிய வளைச்சவன் அளவு தப்பா வளைச்சிட்டான். எங்க இடிக்குதுன்னு காதால கேட்டாத்தான் புடிக்கலாம். ஆனா ஓடுற வண்டிக்கு அடியில யாரு காத வைக்கிறது?"

யார் காதை வைப்பது! அந்த வினா என்னை உலுக்கியது. காது வேண்டுமா? என்னிடம் காது இருக்கிறது! ஊர் ஊராக என் குரலைக் கேட்டு வாங்கும் ஒலிவாங்கி இருக்கிறது! மறுநாளே பரசுராமனைக் கொண்டு ஒலிவாங்கியை வண்டிக்கு அடியில், உன் பின்கம்பியை ஒட்டினாற்போல், துண்டால் இறுகக் கட்டுவித்தேன். கூரைமேல் குழாய்கள் இரண்டும் ஆயத்தம். மக்கள் நடமாட்டமில்லாத இடம் தேடி ஆரம்பாக்கத்து வயல்வெளிச் சாலைக்குச் சென்றோம். நடமாட்டமில்லை என்று சொன்னவன் பரசுராமன். அது நடவுக் காலம் என்பதும், தொழிற்சாலையில் வேலைமுறை முடிந்து ஆட்கள் தொடர்வண்டியில் வந்து இறங்கும் வேளை என்பதும் அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை; பேரறிஞர்களுக்குச் சிறுசெய்திகள் தோன்றுவதில்லை.

வண்டி நகர்ந்தது. ஒலிபெருக்கி திறந்தது. சின்னதுரை! அந்த ஓசையை நீ கேட்டிருக்க வேண்டும்! கடக்க்க்க்! டொங்ங்ங்ங்! கிலாஆஆங்! நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் அனைவரும் ஒருசேர நிமிர்ந்தார்கள். கொக்குகள் ஒருசேர எழுந்தன. "ஐயோ, ரயிலு கவுந்துடுச்சா?" என்றாள் ஒருத்தி. "ரயிலு இல்லடி, ஏரி ஒடைஞ்சிட்ச்சி, தண்டோரா போடறாங்கோ" என்றாள் மற்றொருத்தி. நிலையத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் சோற்றுத் தூக்குகளோடு ஓடிவந்தார்கள். நாங்கள் நிறுத்துவதற்குள் என் வாழ்நாளில் ஆரம்பாக்கத்தில் ஒருபோதும் கூடாத கூட்டம் கூடிவிட்டது.

கூட்டத்தைக் கண்டால் நான் என்ன செய்வேன் என்பது நாடறிந்தது. கை தானாக உயர்ந்தது. ஆனால் அந்தோ! மக்கள் இருக்கிறார்கள், ஒலிபெருக்கி இருக்கிறது. ஒலிவாங்கி மட்டும் வண்டியின் வயிற்றில்! அதை அவிழ்த்தெடுக்க வேட்டியை மடித்துக்கொண்டு மண்ணில் மண்டியிட்டுக் குனிந்தேன். அந்த நேரம் பார்த்து வரப்பிலிருந்து இறங்கி வந்தவர் யார் தெரியுமா? உனக்குப் பெண் தர இசைந்திருந்த பெருநிலக்காரர் ரங்கசாமி! பூவம்மாளின் தந்தை! வரும் வெள்ளியன்று உனக்கும் அவளுக்கும் திருமண உறுதி செய்யவிருந்த பெரியவர்! அவர் கேட்டார்: "இன்னா நைனா இது சத்தம்?"

நான் பொய் பேசாதவன். குனிந்த நிலையிலேயே, உண்மையை, என் இயல்பான குரலில் உரைத்தேன்: "இது என் மைத்துனன் சின்னதுரை பொருத்திய கம்பியின் ஓசை!"

ஒலிவாங்கி என் வாய்க்கு ஒரு சாண் தொலைவில் இருந்தது. அது திறந்தும் இருந்தது. நான் உரைத்தது ஆரம்பாக்கம் முழுவதும் சென்று, ஏரியின் மறுகரையில் மோதி, எதிரொலியாகத் திரும்பி வந்து எனக்கே கேட்டது.

கூட்டம் சிரித்தது. ரங்கசாமி சிரிக்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்தார். தாமே முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, "கொஞ்சம் ஓட்டு" என்றார். ஓட்டினோம். கிலாங்! இறங்கினார். சொன்னார்: "ஒரு கம்பிய சத்தமில்லாம மாட்டத் தெரியாதவன், எம் பொண்ண எப்பிடி நைனா சத்தமில்லாம வச்சிக் குடித்தனம் பண்ணுவான்? ஊரே கேட்டுட்ச்சி. மொதல்ல அவன் வந்து இத்த நிறுத்தட்டும். அப்பால தாம்பூலம் மாத்திக்கலாம்."

"நைனா, கம்பிக்கும் கண்ணாலத்துக்கும் இன்னா நைனா?" என்று நாற்றுக்கட்டோடு நின்ற பூவம்மாள் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். "நீ சும்மா கெட" என்று அடக்கிவிட்டார்.

அதன்பின் நீ என்ன செய்திருக்க வேண்டும்? சுத்தியலோடு புறப்பட்டு வந்திருக்க வேண்டும்! நீ என்ன செய்தாய்? பட்டறையில் ஆரம்பாக்கத்துத் தோழர்கள் "வாய்யா கடக்குக் கம்பி! நேத்து ரேடியோல உன் பேரு வந்துச்சே!" என்று கேலி பேசினார்களாம், நீ விடுப்புச் சொல்லிவிட்டுப் பள்ளிப்பட்டுப் பேருந்தில் ஏறிவிட்டாயாம். இதற்கா உன்னை வளர்த்தோம்? கேலிக்கு அஞ்சுபவன் இரும்பைத் தொடலாமா? என்மேல் முட்டை வீசிய ஊர்கள் உண்டு. அவ்வூர்களுக்கு மறுவாரமே மீண்டும் சென்று, மேலும் ஒருமணி நேரம் கூடுதலாகப் பேசியவன் நான்!

ஆகவே கேட்டுக்கொள்! நீ அளவு தவறி வளைத்தாய். நீ பிழை செய்தாய். மோசஸ் சொல்கிறார், ஊர் சொல்கிறது, உன் கம்பியே ஒலிபெருக்கியில் வாக்குமூலம் தந்துவிட்டது. திருகு சாவிகளை எடுத்துக்கொண்டு வந்து, ரங்கசாமியின் கண்முன்னால், ஆரம்பாக்கத்து மண்ணில் வைத்து, அந்தக் கம்பியைக் கழற்றி எறி. அல்லது ஓசையைக் கழற்றி எறி! இரண்டில் ஒன்று வெள்ளிக்குள் நடந்தாக வேண்டும். இல்லையேல் பூவம்மாளை மறந்துவிடு. பெரியம்மா வீட்டிலேயே கடலை உரித்துக்கொண்டு காலம் கழி!

பெரியம்மாவுக்கு என் வணக்கம். அவர்கள் நலனுக்கு எங்கள் நல்லெண்ணம் என்றும் உண்டு. உனக்கு என் வாழ்த்து, நீ வந்து சேர்ந்த பிறகு வழங்கப்படும்.

வளைவிலும் சாயாத,
நாவுரம் எழில்முரசு
(ஊரார் வாயில் இன்றளவும் குப்புராஜ்)

பின்குறிப்பு (புதன் நண்பகல்):

மேற்கண்ட எதையும் பொருட்படுத்தாதே.

எந்தக் கடிதத்தையும் அனுப்புமுன் மேடையில் பேசுவதுபோல் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்ப்பது என் வழக்கம். நேற்று மாலை கூடத்தில் நின்று படித்தேன். உன் தமக்கை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். 'கிலாங்' என்னும் இடம் வந்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்து வந்தாள்.

"ஏங்க, கிலாங்குனா... பித்தள மாதிரியா?"

"பித்தளைபோல்தான்."

"பின்னால ஆளு குந்துனா நின்னுபூடுதா?"

"நின்றுவிடுகிறது. அதைத்தான் முன்பத்தியிலேயே—"

"ஐய, அது உங்க கேடயமுங்க!"

சின்னதுரை, நீ உண்ண அமர்ந்த நேரம், தெருவில் கிடந்த பின்னிருக்கையில் ஒரு நாய் ஏறிப் படுத்ததாம். உன் தமக்கை அதை விரட்டிவிட்டு, இருக்கையை வண்டிக்குள் பொருத்தப் போனாளாம். அடியில் பார்த்தால் அத்தனை இடம் வெற்றிடமாகக் கிடந்ததாம். கூட்டந்தோறும் தோழர்கள் எனக்களிக்கும் வெள்ளிமுலாம் கேடயங்கள், வீரவாள்கள், செங்கோல்கள் யாவும் அரிசிப் பானைக்கு மேலும் குளியலறை மாடத்திலும் நிறைந்து வழிவதை எண்ணினாளாம். அள்ளிக்கொண்டு வந்து அடுக்கி, மேலே இருக்கையை வைத்து அழுத்திவிட்டாளாம்! மேலே ஆள் அமர்ந்தால் அவை அடங்கிக் கிடக்கும், எழுந்தால் ஆர்ப்பரிக்கும். உன் கம்பி ஒரு முணுமுணுப்பும் செய்ததில்லை.

"இதை ஏன் நீ முன்பே சொல்லவில்லை?" என்று இடிபோல் கேட்டேன்.

"எங்க சொல்றது? நீங்க கம்பி கம்பின்னுதானே குதிச்சீங்க! கேடயம்னு ஒரு வார்த்த சொன்னீங்களா? அதோட, பேசறப்ப குறுக்க பேசாதன்னு நீங்கதானே சொல்லி வச்சிக்கீறீங்க? எப்பதான் நிறுத்தனீங்க, நான் பேச?"

இன்று விடிந்ததும் அனைத்தையும் எடுத்துவிட்டு, அவளையும் அழைத்துக்கொண்டு ஆரம்பாக்கம் சென்றேன். ரங்கசாமியை முன்னிருக்கையில் அமர்த்தினோம், பின்னிருக்கை காலி, வயல்வெளிப் பள்ளங்கள் அனைத்திலும் ஏற்றி இறக்கினோம். அவர் கண்மூடிக் கேட்டார். தவளை கத்துவது கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. பிறகு ஒலிபெருக்கியைத் திறக்கச் செய்து, "தோழர்களே! சின்னதுரையின் கம்பி குற்றமற்றது! ஓசை என் புகழின் ஓசை!" என்று ஊரறிய முழங்கினேன். ரங்கசாமி தம் வீட்டு வாசலில் இறங்கிச் சொன்னார்:

"மாப்ள பேர ஊர் பூரா நாறடிச்சது கம்பி இல்ல நைனா. உங்க வாயி. தாம்பூலம் வெள்ளிக்கெழம மாத்திக்கலாம், கண்ணாலம் மாசியில வச்சிக்கலாம். ஒரே ஒரு கண்டிசனு. ரெண்டுலயும் நீங்க மைக்கத் தொடக்கூடாது."

சின்னதுரை! உன் திருமணத்துக்கென்று இரண்டு மணிநேர உரை ஒன்றை நான் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அது என் வாழ்நாள் உரை. வாய் திறந்தேன். உன் தமக்கை, "சம்மதம் அண்ணே!" என்றாள். பூவம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைக் கண்டேன். திறந்த வாயை மூடினேன். தலையை மட்டும் அசைத்தேன். பேசாமல் நான் அளித்த முதல் வாக்குறுதி அது.

ஆகவே திருகு சாவி வேண்டாம். சலவைச் சட்டையோடு வா. பொன்னாடையைத் திருப்பி அனுப்பாதே, போர்த்திக்கொண்டு வா. இதை அஞ்சலில் போட்டால் உன் கைக்கு எட்டுமுன் வெள்ளி கடந்துவிடும் என்பதால் பள்ளிப்பட்டுப் பேருந்தின் நடத்துநரிடமே கொடுத்தனுப்புகிறேன். இதை நீ படிக்கும்போது அவர் உன் வாசலில்தான் நின்றுகொண்டிருப்பார். உன்னை ஏற்றாமல் வண்டியைத் திருப்புவதில்லை என்று எனக்கு வாக்களித்திருக்கிறார். பயணிகள் காத்திருக்கிறார்கள். ரங்கசாமி காத்திருக்கிறார். பூவம்மாள் காத்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலாக, என் வாய் எத்தனை நாள் மூடியிருக்கும் என்று எனக்கே தெரியவில்லை. அது திறப்பதற்குள், எழு! செருப்பை மாட்டு! ஏறு பேருந்தில்!